பல ஆண்டுகளுக்குப் பின் புகார் கொடுக்கலாமா?



சபைகளில் சகோதரிகள் மிகத் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, சிறு வயதில் எனக்கு ஒரு காரியம் நடந்தது. அன்றைக்கு யாரிடமும் சொல்ல முடியவில்லை. இப்பொழுது சொல்லி என்ன பிரயோஜனம்? காலம் கடந்துவிட்டதே!" என்பதே அக்கேள்வி. சில வேளைகளில் ஒரு தாய் தன் மகளுக்காகக் கேட்கிறார். சில வேளைகளில், வீட்டு வேலைக்குச் சென்ற இடத்தில் முன்பு பட்ட அவமானத்தைக் குறித்து ஒரு நடுத்தர வயதுப் பெண் கேட்கிறார். கேட்கும் ஒவ்வொருவரும் பதிலைத் தாங்களே முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறார்கள். சட்டத்தின் வாசல் அடைபட்டுவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள்.

நம்முடைய தங்கவயலில் இந்தக் கேள்விக்கு இன்னும் அதிகக் கனம் உண்டு. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பின்பு, ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் உள்ள குடும்பங்கள் அநேகம் பெங்களூரை நம்பியே பிழைக்கின்றன. பொழுது விடியுமுன் ரயில் ஏறி, இரவில் வீடு திரும்புகிறவர்கள் நம் மக்கள். பிள்ளைகளை உறவினரிடத்திலும் பக்கத்து வீட்டாரிடத்திலும் நம்பி விட்டுச் செல்கிறோம். நம் பெண்கள் அந்நியர் வீடுகளிலும் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளிலும் தனித்து நின்று வேலை செய்கிறார்கள். வேலை போய்விடுமோ, குடும்பத்தின் பெயர் கெட்டுவிடுமோ, தங்கையின் கல்யாணம் நின்றுவிடுமோ என்னும் பயத்தினால், நடந்ததைச் சொல்லாமல் ஆண்டுகளைக் கடத்திவிடுகிறவர்கள் உண்டு.

ஆகவே இம்மாதம் இந்த ஒரு காரியத்தை மட்டும் தெளிவாக எழுத விரும்புகிறேன். பெரிய குற்றங்களுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் காலவரம்பு கிடையாது. சிறிய குற்றங்களுக்குக் காலவரம்பு உண்டு. அதிலும் சில விதிவிலக்குகள் உண்டு. உங்களுக்கு நேர்ந்தது எந்த வகையைச் சேர்ந்தது என்று அறியாமல், எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம்.

வாச்சாத்தி கற்றுத்தரும் பாடம்

நம் முன்னோரில் அநேகர் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து இவ்வூருக்கு வந்தவர்கள். அந்தத் தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் பழங்குடி மக்களின் கிராமம் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும், காவல்துறையினரும், வருவாய்த்துறையினரும் அக்கிராமத்திற்குள் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கொடுமைக்கு உள்ளானவர்களே கைது செய்யப்பட்டுச் சேலம் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

அவர்கள் புகார் செய்தபோது ஏற்பார் இல்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் மறுத்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் நீதிமன்றத்தை நாடினார்கள். 1995-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ. வசம் ஒப்படைத்தது. அடையாள அணிவகுப்பில் அந்த எழுத்தறிவு குறைந்த பெண்கள், தங்களுக்குக் கொடுமை செய்தவர்களை நேருக்கு நேர் நின்று அடையாளம் காட்டினார்கள்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்க்கப்பட்டார்கள். அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றார்கள். அவர்கள் செய்த மேல்முறையீடுகளை 2023-ஆம் ஆண்டு, அதே செப்டம்பர் 29-ஆம் தேதியில், சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டது. சம்பவம் நடந்து 31 ஆண்டுகள் கடந்திருந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் மௌனமாயிருந்ததனால் 31 ஆண்டுகள் ஆகவில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்க மறுத்ததனாலேயே அத்தனை காலம் ஆயிற்று. நம் சபைகளிலும் குடும்பங்களிலும் ஒரு பெண்ணின் ஆண்டுகள் எவ்விதம் கழிந்துபோகின்றன என்று யோசித்துப் பார்த்தால், அங்கும் இதே காரணத்தைக் காணலாம்.

எந்தக் குற்றத்திற்கு எவ்வளவு காலம்?

2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நம் நாட்டில் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துள்ளன. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பு நடந்த குற்றங்களுக்கு, அவை நடந்த காலத்தில் இருந்த பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். பழைய சம்பவமாகையால் சட்டமும் இல்லாமற்போயிற்று என்று ஒருவரும் எண்ண வேண்டாம்.

காலவரம்பைப் பொறுத்தவரை பழைய சட்டத்தின் 468-ஆம் பிரிவும், புதிய சட்டத்தின் 514-ஆம் பிரிவும் ஒரே அளவுகோலை வைத்திருக்கின்றன. அபராதம் மட்டும் விதிக்கத்தக்க குற்றமானால் 6 மாதம். ஓராண்டு வரை சிறைத்தண்டனை உள்ள குற்றமானால் 1 ஆண்டு. ஓராண்டுக்கு மேல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உள்ள குற்றமானால் 3 ஆண்டு. மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட தண்டனை உள்ள குற்றமானால் காலவரம்பே இல்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம். பாலியல் வன்கொடுமைக்குக் காலவரம்பு இல்லை. பத்து ஆண்டுகளானாலும், இருபது ஆண்டுகளானாலும் புகார் செய்யலாம். எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் ஏற்படும்படி அடித்ததற்கும் காலவரம்பு இல்லை. ஆனால் சாதாரணமாக அடித்ததற்கு ஓராண்டுதான். ஆபாசமாகப் பேசுதல், சைகை காட்டுதல், பாலியல் தொந்தரவு செய்தல் போன்றவை, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து, ஓராண்டு அல்லது மூன்று ஆண்டு வரம்புக்குள் வரும்.

ஒரு பெண்ணைத் தொட்டு மானபங்கம் செய்த குற்றத்தில் ஒரு நுட்பம் உண்டு. இதைக் கவனமாக வாசியுங்கள். 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-க்கு முன்பு இக்குற்றத்திற்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுகள்தான். ஆகவே காலவரம்பு 3 ஆண்டு. டில்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடூரத்திற்குப் பின் சட்டம் திருத்தப்பட்டு, தண்டனை ஐந்து ஆண்டு வரை உயர்த்தப்பட்டது. ஆகையால் 2010-இல் நடந்த மானபங்கத்திற்கு மூன்று ஆண்டு வரம்பு உண்டு. 2014-இல் நடந்ததற்கு வரம்பு இல்லை. சம்பவம் நடந்த தேதி எவ்வளவு முக்கியமானது என்பது இதிலிருந்து விளங்கும்.

வரம்பு கடந்துவிட்டாலும் முழு நம்பிக்கையையும் இழக்க வேண்டியதில்லை. தாமதத்திற்குத் தகுந்த காரணம் காட்டப்பட்டாலோ, நீதியின் நலன் கருதி அவசியம் என்று தோன்றினாலோ, நீதிமன்றம் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு ஏற்றுக்கொள்ளலாம். பழைய சட்டத்தில் 473-ஆம் பிரிவும், புதிய சட்டத்தில் 519-ஆம் பிரிவும் இந்த அதிகாரத்தைக் கொடுக்கின்றன. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் சேர்ந்திருந்தால், அவற்றில் மிகக் கடுமையான தண்டனை உள்ள குற்றத்தைக் கொண்டே காலவரம்பு கணக்கிடப்படும். மேலும், நீங்கள் புகார் கொடுத்த நாளே கணக்கில் கொள்ளப்படும். நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்த நாள் அல்ல. சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2013-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதிப்படுத்திற்று.

கணவர் வீட்டில் கொடுமை அனுபவிக்கும் சகோதரிகளுக்கு இன்னொரு ஆறுதலான செய்தி உண்டு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பும், தங்குமிட உரிமையும், ஜீவனாம்சமும் கேட்டு மனு கொடுக்க ஓராண்டு வரம்பு பொருந்தாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

பிள்ளைகளுக்கு நேர்ந்தால்

18 வயதுக்கு உட்பட்ட ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருவரையும் காக்கும் போக்சோ சட்டம் 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தில் புகார் கொடுப்பதற்கென்று காலவரம்பு எதுவும் சொல்லப்படவில்லை. பிள்ளைப்பருவத்தில் கொடுமைக்கு உள்ளானவர், தாம் வளர்ந்து பெரியவரான பின்பும் எந்த வயதிலும் புகார் கொடுக்கலாம் என்று, சட்ட அமைச்சகத்தின் கருத்தைப் பெற்று, மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்தது.

2012 நவம்பருக்கு முன்பு நடந்தவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அப்பொழுதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டமே பொருந்தும். அதிலும் சிறுமிக்கு எதிரான வன்கொடுமைக்குக் காலவரம்பு இருந்ததில்லை.

உலகமெங்கும் சட்டங்கள் இத்திசையிலேயே திரும்பியுள்ளன. இங்கிலாந்தில் வன்கொடுமைக் குற்றத்திற்குக் காலவரம்பு கிடையாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பிள்ளைப்பருவத்தில் பாதிக்கப்பட்டவர்கள், காலம் கடந்துபோயிருந்தாலும் இழப்பீட்டு வழக்குத் தொடரலாம் என்று 2019-இல் ஒரு தனிச்சட்டம் வந்தது. அது திறந்துவைத்த இரண்டு ஆண்டுக் காலத்திற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. அவற்றில் திருச்சபைகளுக்கு விரோதமானவையும் அநேகம் என்பதை நாம் வெட்கத்தோடு ஒத்துக்கொள்ள வேண்டும்.

வேலை செய்யும் இடத்தில்

இந்த ஒரு வாசல் மட்டும் சீக்கிரம் அடைபடக்கூடியது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சம்பவம் நடந்த மூன்று மாதத்திற்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பத்து பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையானால் அங்கேயே புகார்க் குழு இருக்க வேண்டும். வீட்டு வேலை செய்கிறவர்களும், சிறிய கடைகளில் வேலை செய்கிறவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு எதிராக ஓர் ஆசிரியை கொடுத்த புகார், இந்த ஆறு மாத எல்லையைக் கடந்துவிட்டதென்று 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றத்திலும் நிராகரிக்கப்பட்டது. ஆயினும் அந்தத் தீர்ப்பை அம்மனிதர் தம் தன்விவரக் குறிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகையால் பெங்களூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு, இந்த மூன்று மாதக் கணக்கை இன்றே சொல்லிக் கொடுங்கள். இந்தக் காலம் தவறினாலும், நடந்த காரியம் குற்றவியல் சட்டத்தின் கீழும் குற்றமாயிருந்தால் காவல்நிலையத்தின் வழி தனியே உண்டு.

சாட்சி எங்கே என்று கேட்பார்களே?

தாமதமான வழக்குகள் கடினமானவை. இதை மறைத்துப் பேசுவது உங்களை ஏமாற்றுவதாகும். மருத்துவப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். எல்லா வழக்குகளும் தண்டனையில் முடிவதில்லை.

ஆயினும் நீதிமன்றங்கள் இக்காரியத்தில் ஓர் உறுதியான நிலையை எடுத்துள்ளன. குடும்ப மானம் கருதிப் புகார் கொடுக்கத் தயங்குவது இயல்பே என்றும், தாமதம் ஒன்றை மட்டும் காரணமாக்கிப் பெண்ணின் வாக்குமூலத்தைத் தள்ளக்கூடாது என்றும், அவருடைய சாட்சி நம்பத்தக்கதாயிருந்தால் அதுவொன்றே தண்டனைக்குப் போதுமானது என்றும் 1996-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

நம் கர்நாடகத்தில் நடந்த வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாசன் மாவட்டத்துப் பண்ணை வீட்டில் வேலை செய்த ஒரு பெண், 2021-ஆம் ஆண்டில் தமக்கு நேர்ந்த வன்கொடுமையைக் குறித்து 2024-ஆம் ஆண்டில்தான் புகார் கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவரோ, முன்னாள் பிரதமரின் பேரனும் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்தவருமான பிரஜ்வல் ரேவண்ணா. பண்ணை வீட்டில் கிடந்த அந்தப் பெண்ணின் சேலை, ஆண்டுகள் கழித்தும் தடயவியல் சோதனையில் சாட்சி சொல்லிற்று. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி பெங்களூர் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதை எதிர்த்து அவர் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். எனினும், வீட்டு வேலை செய்த ஒரு பெண் மூன்று ஆண்டுகளுக்குப் பின் சொன்ன சாட்சியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது என்பதை மறவாதிருங்கள்.

ஆகையால், நினைவில் உள்ளதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தேதி ஞாபகமில்லையானால், அப்போது எந்த வகுப்பில் படித்தீர்கள், எந்த வீட்டில் குடியிருந்தீர்கள், கிறிஸ்துமஸுக்கு முன்பா பின்பா என்று எழுதுங்கள். அந்நாட்களில் யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்று குறித்துவையுங்கள்; அவரே உங்களுக்கு ஒரு சாட்சி. பழைய செல்போன், குறுஞ்செய்திகள், கடிதங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், பள்ளிச் சான்றுகள் எதையும் அழிக்க வேண்டாம். ஏன் தாமதமாயிற்று என்னும் கேள்விக்கு உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள்: மிரட்டினார்கள், அவர் கையில்தான் எங்கள் சாப்பாடு இருந்தது, அது என்னவென்றே எனக்கு அன்று விளங்கவில்லை. உள்ளதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுவதே உங்கள் பலம்.

எங்கே போவது?

சம்பவம் வாணியம்பாடியில் நடந்தது, நாம் இருப்பது ஆண்டர்சன்பேட்டை என்று தயங்க வேண்டாம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல்நிலையத்திலும் புகாரைப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். பின்பு அது உரிய நிலையத்திற்கு அனுப்பப்படும். பாலியல் குற்றமானால் பெண் அதிகாரியே புகாரை எழுத வேண்டும். எஃப்.ஐ.ஆர். என்னும் முதல் தகவல் அறிக்கை இங்கே கன்னடத்தில் எழுதப்படும். அதை உங்களுக்குப் புரியும்படி வாசித்துக் காட்டச் சொல்லி, கேட்ட பின்பே கையெழுத்திடுங்கள். அதன் நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

காவல்நிலையத்தில் மறுத்தால், புகாரை எழுதி எஸ்.பி.க்கு அனுப்பலாம், தங்கவயல் காவல் மாவட்டத்திற்கென்று தனியே ஓர் எஸ்.பி. உண்டு. அங்கும் பலன் இல்லையானால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவலருக்கே சிறைத்தண்டனை உண்டு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்னும் கவலையும் வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவாயிருந்தாலும் வழக்கறிஞர் உதவி இலவசம். நீதிமன்ற வளாகத்திலுள்ள தாலுகா சட்ட சேவைக் குழுவை அணுகலாம். 15100 என்னும் எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098, அவசரத்திற்கு 112. பாதிக்கப்பட்டவருக்கான அரசின் இழப்பீட்டையும் சட்ட சேவைகள் ஆணையத்தின் மூலமாகவே கேட்க வேண்டும். அதற்குப் பொதுவாக மூன்று ஆண்டு வரம்பு உண்டு. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் இடமுண்டு.

ஊரெல்லாம் பெயர் தெரிந்துவிடும் என்ற பயம் பெரிய பயம். பாதிக்கப்பட்டவரின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். வன்கொடுமை வழக்கின் விசாரணை மூடிய அறையில் நடைபெறும். வாக்குமூலத்தையும் உங்கள் வீட்டிலோ, நீங்கள் விரும்பும் இடத்திலோ வந்து பெற வேண்டும்.

சபைக்கு ஒரு வார்த்தை

"விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போகலாமா? பவுல் அப்போஸ்தலன் கூடாதென்று எழுதியிருக்கிறாரே" என்று சிலர் கேட்கிறார்கள். முதலாம் கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தில் அவர் பேசுவது, சகோதரருக்குள் உண்டாகும் இவ்வுலக வழக்குகளைக் குறித்து. அவற்றில் நஷ்டத்தைச் சகித்துக்கொள்ளச் சொல்லுகிறார். கொடுமை செய்தவனைக் குறித்தோ ரோமர் 13-இல், அதிகாரம் தேவனால் வைக்கப்பட்டது என்று போதிக்கிறார். அந்தப் பவுலே பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடிக்கப்பட்டபோது, மறுநாள் அதிகாரிகள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்ததற்கு இணங்கவில்லை. தம்முடைய ரோமக் குடியுரிமையைச் சொல்லி, அவர்களே நேரில் வந்து தங்களை வெளியே அழைத்துவிட வேண்டும் என்று கேட்டார். அடிபட்டவர் சட்டத்தைத் துணைக்கு அழைப்பது விசுவாசக் குறைவு அல்ல என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டுமோ?

சபை மூப்பர்கள் நடுவில் உட்கார்ந்து, காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் காரியத்தை முடித்துவிடுவது நம் நடுவில் வழக்கமாயிருக்கலாம். வன்கொடுமை, சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றமல்ல. மாணவியிடம் தவறாக நடந்த ஓர் ஆசிரியர், அவளுடைய தகப்பனோடு சமரசம் செய்துகொண்டதைக் காட்டி வழக்கை முடித்திருந்தார். 2024-ஆம் ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்தச் சமரசத்தை ஏற்காமல், வழக்கைத் தொடரச் செய்தது.

பிள்ளைகளின் காரியத்தில் பொறுப்பு இன்னும் அதிகம். ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடந்ததை அறிந்த எவரும் காவல்துறையில் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது போக்சோவின் 19-ஆம் பிரிவு. போதகருக்கும், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைக்கும், விடுதிக் காப்பாளருக்கும் இதில் விலக்கு இல்லை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். தம் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஜெபத்திற்காகச் சொன்னதை வெளியே சொல்லலாமா என்று தயங்கும் ஊழியர்கள் இந்தப் பிரிவை வாசித்துக்கொள்வது நலம்.

இரண்டாம் சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் தாமாரின் சரித்திரத்தை வாசியுங்கள். அவள் சத்தமிட்டு அழுதுகொண்டே போனாள்; ஒளிக்கவில்லை. அவளுடைய சகோதரன்தான் அவளை மௌனமாயிருக்கச் சொன்னான். தகப்பனாகிய ராஜாவோ கேள்விப்பட்டுக் கோபங்கொண்டான். ஆனால் நியாயம் விசாரித்ததாக அங்கே எழுதப்படவில்லை. தாமார் பாழாய்ப்போனவளாகத் தன் சகோதரன் வீட்டில் தங்கிவிட்டாள். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த மௌனம் இரத்தஞ்சிந்துதலில் முடிந்தது. விசாரிக்க வேண்டியவர்கள் காலத்தில் விசாரித்திருந்தால், அந்த வீட்டின் சரித்திரமே வேறாயிருந்திருக்கும்.

மன்னிப்பைக் குறித்தும் ஒரு வார்த்தை. மன்னிப்பது பாதிக்கப்பட்டவருடைய இருதயத்திற்கும் தேவனுக்கும் நடுவே உள்ள காரியம். அது எப்போது கனியும் என்று வேறொருவர் தேதி குறிக்க முடியாது. மன்னித்தவரும் புகார் கொடுக்கலாம். வேறொரு பிள்ளை அதே கையில் அகப்படாதபடி காப்பது அன்பின் கிரியைதான். அதேபோல், எல்லாவற்றையும் அறிந்த பின்பு, புகார் வேண்டாம் என்று வயது வந்த ஒரு சகோதரி தீர்மானித்தால், அந்தத் தீர்மானத்தையும் நாம் கனம்பண்ண வேண்டும். வாசல் எங்கே இருக்கிறது என்று காட்டுவது நம் கடமை. பிடித்துத் தள்ளுவது அல்ல.

அன்பான சகோதரியே, இந்தப் பக்கத்தை யாருக்கும் தெரியாமல் வாசித்துக்கொண்டிருப்பது நீங்களானால், உங்களிடம் மூன்று காரியங்களை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இன்றே ஒரு தாளை எடுத்து, நடந்த ஆண்டையும் அன்றைக்கு உங்களுக்கிருந்த வயதையும் எழுதுங்கள். நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுங்கள். சட்ட சேவைக் குழுவிற்குச் சென்று, என் காரியத்திற்குக் காலவரம்பு உண்டா என்று கேளுங்கள். அதற்குப் பின்பு என்ன செய்வதென்று நீங்களே நிதானித்துத் தீர்மானிக்கலாம்.

உங்களிடத்தில் வந்து ஒருவர் சொல்லும்படி கர்த்தர் அனுமதித்தாரானால், முதலில் அவர் சொல்வதை நம்புங்கள். "ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?" என்று கேட்காதிருங்கள். அந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் கேட்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நீதியை நேசிக்கிற கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் காத்து நடத்துவாராக. ஆமென்.